வாடகை அறையை ஞாயிற்றுக்கிழமைக்குள் காலிசெய்யச் சொல்கிறார்: காசில்லாதவருக்கு யார் துணை?

நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். சிங்கப்பூரில், ஈசூனில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஓர் அறையை எடுத்து நீங்களும் அம்மாவும் இருக்கிறீர்கள். வாடகை மாதம் 850 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். ஓராண்டு ஒப்பந்தத்தில் ஏழு மாதம்தான் முடிந்திருக்கிறது. ஒரு மாத வாடகையை முன்பணமாக ரொக்கத்தில் கொடுத்தீர்கள், ரசீது வாங்கவில்லை. வீட்டுக்காரர் அதே வீட்டில் அடுத்த அறையில் இருக்கிறார். அம்மாவின் சமையலால் சுவர் கறைபட்டுவிட்டது என்று தொடங்கிய பேச்சு முற்றி, ஞாயிற்றுக்கிழமைக்குள் கிளம்ப வேண்டும், முன்பணம் கிடையாது, கிளம்பாவிட்டால் பூட்டை மாற்றிவிடுவேன் என்கிறார். உங்களுக்குக் கிடங்கில் வேலை, அம்மாவுக்குத் துப்புரவு வேலை. "எங்களுக்காக இலவசமாக வாதாட ஒரு வக்கீல் கிடைப்பாரா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இந்த ஒரு கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை அவர் உங்களை வெளியே தள்ள முடியுமா? 850 வெள்ளி திரும்பக் கிடைக்குமா? இந்த ஊரில் காசில்லாமல் யார் துணைக்கு வருவார்கள்? மூன்றுக்கும் போக வேண்டிய இடம் வேறு வேறு. எல்லாவற்றையும் "வக்கீல்" என்ற ஒரே சொல்லில் போட்டுத் தேடுவதால்தான் பலர் தவறான கதவைத் தட்டி, அங்கே இல்லை என்றதும் மனம் உடைந்து முன்பணத்தையே விட்டுவிடுகிறார்கள். நான் வழக்கறிஞர் இல்லை. ஒரு சட்ட நிறுவனத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். பதினோரு ஆண்டுகளாகச் சமூக மன்றத்தில் நடக்கும் இலவசச் சட்ட ஆலோசனைக்குத் தொண்டூழியராகப் போய், தமிழ் மட்டும் தெரிந்தவர்களுக்கும் வழக்கறிஞருக்கும் நடுவில் அமர்ந்து மொழிபெயர்க்கிறேன். அங்கே கண்டதையும், பழைய வேலையில் கற்றதையும் வைத்து எழுதுகிறேன். உங்கள் ஒப்பந்தத்தை நான் பார்க்கவில்லை. அதில் உள்ள ஒரு வரி நான் சொல்வதை மாற்றிவிடலாம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உறுதியானவை. சிங்கப்பூரில் வாடகைக்கு உச்சவரம்பு வைக்கும் சட்டம் இப்போது இல்லை. பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2001இல் நீக்கப்பட்டுவிட்டது. வேறு சில நாடுகளில் இருப்பதுபோல் வீட்டு வாடகைதாரர்களுக்கென்று தனியாக ஒரு பாதுகாப்புச் சட்டமும் இங்கே கிடையாது. நீங்கள் கையெழுத்திட்ட தாள்தான் உங்களுக்குச் சட்டம். அதனால் இன்று இரவே அந்த ஒப்பந்தத்தை எடுத்து, முன்னறிவிப்பு எத்தனை நாள் அல்லது எத்தனை மாதம் என்று எழுதியிருக்கிறது, முன்பணத்திலிருந்து எதற்கெல்லாம் கழிக்கலாம் என்று எழுதியிருக்கிறது, சமையல் பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறதா என்ற மூன்றையும் தேடுங்கள். "லைட் குக்கிங்" (இலேசான சமையல் மட்டும்) என்று ஒரு வரி இருந்தால் அதன் கீழ் கோடு போட்டு வையுங்கள். நம் ஆட்கள் அறை எடுக்கும் ஒப்பந்தங்களில் அந்த வரி பெரும்பாலும் இருக்கும். எண்ணெய்ச் சட்டியில் வடை சுடுவது அதற்குள் அடங்குமா என்பதில்தான் பாதிச் சண்டை வருகிறது.

பூட்டை மாற்றும் விஷயம். வாடகைதாரர் ஒப்பந்தத்தை மீறினார் என்று வீட்டுக்காரர் நினைத்தால், அதற்கான வழி நோட்டீஸும் நீதிமன்றமும்தான். வாடகைப் பாக்கி அல்லாத மீறலுக்காகக் குத்தகையை முறிக்க வேண்டுமானால், என்ன மீறல் என்று குறிப்பிட்டு நோட்டீஸ் கொடுத்து, சரிசெய்ய நியாயமான அவகாசம் தர வேண்டும் என்று 1886ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றச் சட்டம், 18ஆம் பிரிவு சொல்கிறது. வாடகைப் பாக்கிக்காகப் பொருளை எடுத்துக்கொள்வதும் அவர் இஷ்டத்துக்கு நடக்காது. அதற்கு 1934இலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. நீதிமன்றத்தில் மனுப்போட்டு ஆணை பெற்று, ஷெரிஃப் வந்துதான் எடுக்க முடியும். "பாக்கி தரும்வரை உன் பெட்டி என்னிடம் இருக்கட்டும்" என்று உங்கள் சாமான்களை அவர் பிடித்துவைக்க முடியாது. கடவுச்சீட்டைப் பிடித்துவைப்பதும் அப்படித்தான்.

இனிச் சந்தேகமானது, உங்களிடம் மறைக்க விரும்பாதது. முழு வீட்டை எடுத்தவரும், வீட்டுக்காரரோடு ஒரே கூரையின் கீழ் ஓர் அறையை எடுத்தவரும் சட்டத்தின் பார்வையில் எப்போதும் ஒன்றல்ல. அந்த அறை உங்களுக்கு மட்டுமே உரியது, அவர் கேட்காமல் நுழைய முடியாது என்ற நிலை இருந்தால் அது குத்தகையை நெருங்குகிறது. அவர் நினைத்தபோது உள்ளே வரலாம், எல்லாம் பொதுப் புழக்கம் என்றால் வெறும் தங்கும் அனுமதி என்று கொள்ளப்படலாம். அனுமதி என்றால் நான் மேலே சொன்ன 18ஆம் பிரிவின் காப்பு கிடைப்பது கடினம். அப்போதும் ஒப்பந்தத்தில் எழுதிய முன்னறிவிப்பைக் கொடுக்காமல், அல்லது நியாயமான அவகாசமே தராமல், இரவோடிரவாக அனுப்பினால் அது ஒப்பந்த மீறல். அதற்கு நஷ்டஈடு கேட்கலாம். உங்கள் வழக்கு எந்தப் பக்கம் சாயும் என்பதை ஒப்பந்தத்தையும் வீட்டின் நடைமுறையையும் பார்த்து ஒரு வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும். பின்னால் சொல்லப்போகும் இருபது நிமிட இலவச ஆலோசனையில் நீங்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான்.

இப்போது வக்கீல் என்ற விஷயத்துக்கு வருகிறேன். உங்களைப் போன்றவர்களின் பெரும்பாலான வழக்குகள் போய்ச் சேரும் இடத்தில் வக்கீலே வரக்கூடாது. சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தைச் சொல்கிறேன். ஹேவ்லாக் சதுக்கத்தில் உள்ள அரசு நீதிமன்றங்களின் ஒரு பகுதியாக 1985இலிருந்து இயங்குகிறது. இரண்டு ஆண்டுக்கு மேற்படாத குடியிருப்பு வாடகை ஒப்பந்தங்கள் அதன் வரம்பில் வரும். 20,000 வெள்ளிவரை கேட்கலாம், இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால் 30,000 வரை. பிரச்சினை நடந்து இரண்டு ஆண்டுக்குள் பதிய வேண்டும். உங்களைப் போன்ற சிறிய தொகைக்குப் பதிவுக் கட்டணம் 10 வெள்ளியிலிருந்து தொடங்குகிறது. வீட்டுக்காரர் எவ்வளவு வசதியானவராக இருந்தாலும் அவரும் வக்கீல் வைத்துக்கொள்ள முடியாது. தாமே வந்து தம் வாயால் பேச வேண்டும். காசில்லாதவருக்கு இதைவிடப் பெரிய சமநிலை வேறு எந்த நீதிமன்றத்திலும் இல்லை என்று நான் நம்புகிறேன். "வக்கீல் இல்லாமல் ஜெயிக்க முடியுமா?" என்று கேட்டிருந்தீர்கள். இங்கே இரண்டு பேருக்குமே வக்கீல் கிடையாது.

ஆனால் இந்த மன்றம் பணம் பற்றியது. உங்களை அறையில் தொடர்ந்து இருக்கவிடு என்று அது ஆணையிடும் என எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஞாயிற்றுக்கிழமைப் பிரச்சினைக்கு வேறு வழி பார்க்க வேண்டும், முன்பணத்துக்கு இந்த வழி. இரண்டையும் குழப்பிக்கொண்டால் இரண்டும் கெடும். உங்களுடையது அறை வாடகை என்பதால் அது மன்றத்தின் வரம்பில் வருமா என்ற கேள்வியும் எழலாம். அறை முன்பணத்துக்காக அங்கே போய்த் தீர்வு கண்டவர்களை எனக்குத் தெரியும். ஆனாலும் ஒப்பந்தத்தின் வாசகத்தைப் பொறுத்தது என்பதால், ஆலோசனையில் இதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பதிவது இணையத்தில்தான், அரசின் மின்னிலக்க அடையாளமான சிங்பாஸ் வைத்து. பதிந்த பிறகு, நேரில் போவதற்கு முன்பே இரு தரப்பும் இணையத்திலேயே தொகை பேசி முடித்துக்கொள்ள ஒரு வசதி இருக்கிறது. 850 கேட்கிறீர்கள், அவர் 600 என்கிறார், நீங்கள் 750 என்கிறீர்கள், அப்படியே முடிந்துவிடும் வழக்குகள் உண்டு. முடியாவிட்டால் பதிவாளர் முன் கலந்தாய்வு, அதற்கும் பிறகுதான் விசாரணை. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றால் முன்கூட்டியே கேட்டுப் பெறலாம். அம்மா பெயரில் ஒப்பந்தம் இருந்து, வயதாலோ எழுதப்படிக்கத் தெரியாததாலோ அவரால் பேச முடியாது என்று மன்றம் கருதினால், அவர் எழுத்தில் அனுமதி கொடுத்து நீங்கள் அவருக்காகப் பேச வழி இருக்கிறது. இதைப் பலர் அறியாமல் வயதானவரை மட்டும் தனியே அனுப்பிவிடுகிறார்கள். அம்மாவைத் தனியே அனுப்பாதீர்கள்.

ஒரு சின்ன விஷயம் பெரிய தடையாக வந்து நிற்கும்: முத்திரை வரி. வாடகை ஒப்பந்தத்துக்கு உள்நாட்டு வருவாய் ஆணையத்தில் முத்திரை வரி கட்ட வேண்டும். வழக்கமாகக் கட்டுவது வாடகைதாரர். நான்கு ஆண்டு வரையிலான ஒப்பந்தத்துக்கு மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு. உங்களுக்கு ஓராண்டுக்கு 10,200 வெள்ளி என்றால் வரி சுமார் 40 வெள்ளி. இங்கேயே கையெழுத்திட்டிருந்தால் 14 நாளுக்குள் கட்டியிருக்க வேண்டும். அறை எடுப்பவர்களில் பத்தில் எட்டுப் பேர் கட்டுவதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. எண்ணிப் பார்த்த கணக்கு இல்லை, என் மேசைக்கு வந்தவர்களை வைத்துச் சொல்கிறேன். முத்திரை இல்லாத ஒப்பந்தத்தைச் சாட்சியமாக ஏற்கச் சட்டம் இடம் தராது. பயப்பட வேண்டாம், தாமதமாகவும் கட்டலாம். மூன்று மாதத்துக்கு மேல் தாமதமானால் அபராதம் வரியைப் போல் நான்கு மடங்கு வரை போகும். அப்படியே போனாலும் 850 வெள்ளியை மீட்க அது செலவழிக்கத் தக்க தொகை. வழக்குப் பதிவதற்கு முன் அதை முடித்துவிடுங்கள்.

ரசீது இல்லாத ரொக்கம் உங்களை மிகவும் கலங்க வைத்திருக்கிறது என்று எழுத்திலேயே தெரிகிறது. சில ஆண்டுகளுக்கு முன் உட்லண்ட்ஸிலிருந்து ஓர் அம்மா வந்தார். பிளாஸ்டிக் பை நிறையத் தாள்கள். மின்கட்டண ரசீது, மருத்துவச் சீட்டு, பேரனின் பள்ளிக் கடிதம்கூட அதில் இருந்தது. முன்பணத்துக்கு மட்டும் எதுவும் இல்லை. வழக்கறிஞருக்குக் கொடுத்த இருபது நிமிடத்தில் பதினைந்து நிமிடம் பையைத் துழாவுவதிலேயே போய்விட்டது. கிளம்பும்போது, "இதைக் கேளுங்கள் தம்பி" என்று கைப்பேசியை என்னிடம் நீட்டினார். வீட்டுக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவு. "உங்கள் 900 வெள்ளி என்னிடம்தானே இருக்கிறது, எங்கே போய்விடும், முதலில் வீட்டைக் காலிசெய்யுங்கள்" என்று கோபத்தில் பேசியிருக்கிறார். அவர் வாயாலேயே ரசீது எழுதிக் கொடுத்துவிட்டார். அதை எழுத்தில் எடுத்து, ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கோப்பில் வைத்தோம். விசாரணை வரை போகவில்லை, கலந்தாய்விலேயே பணம் வந்துவிட்டது.

உங்களுக்கும் அப்படி ஏதாவது இருக்கும். முன்பணம் கொடுத்த அன்று வங்கி இயந்திரத்தில் 1,700 வெள்ளி எடுத்த பதிவு இருக்கலாம். ஒரு மாத வாடகையும் முன்பணமும் சேர்ந்த தொகை அதுவாகத்தான் இருக்கும். "நாளைக்குப் பணத்தோடு வருகிறேன் அண்ணே" என்று நீங்கள் அனுப்பிய செய்தி இருக்கலாம். ஒப்பந்தத்திலேயே "ஒரு மாத முன்பணம் பெறப்பட்டது" என்று அச்சாகி அவர் கையெழுத்து அதன் கீழ் இருந்தால் வேறு ரசீதே தேவையில்லை. வாட்ஸ்அப் உரையாடலை முழுதாக ஏற்றுமதி செய்து உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள். கைப்பேசி தொலைந்தால் வழக்கும் தொலையும். தமிழிலோ மலாயிலோ உள்ள செய்திகளுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கும், அதற்கு நாள் ஒதுக்குங்கள். சுவரை இன்றே பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள், கறை உள்ள இடம் மட்டுமல்லாமல் அறையின் நான்கு மூலையும், குளியலறையும், அடுப்பங்கரையும் சேர்த்து. சாதாரணப் புழக்கத்தால் வரும் தேய்மானத்துக்கு வாடகைதாரர் பொறுப்பில்லை என்று பெரும்பாலான ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும். ஏழு மாதச் சமையலில் அடுப்புப் பக்கச் சுவர் மஞ்சளாவது தேய்மானமா சேதமா என்பதை முடிவுசெய்யப்போவது உங்கள் படங்கள்தான்.

இனி, அந்த இருபது நிமிடங்களைப் பெறும் இடங்கள். முன்பு சட்டச் சங்கத்தின் இலவசச் சேவை என்று பெயர் பெற்றிருந்து இப்போது புரோ போனோ எஸ்ஜி என்று அழைக்கப்படும் அமைப்பு, தீவெங்கும் சமூகச் சட்ட ஆலோசனைக் கூடங்களை நடத்துகிறது. முன்பதிவு வேண்டும். ஒரு தொண்டூழிய வழக்கறிஞர் உங்களோடு ஏறக்குறைய இருபது நிமிடம் பேசுவார். ஆலோசனை மட்டும்தான். உங்களுக்காகக் கடிதம் எழுதமாட்டார், மன்றத்துக்கு வரமாட்டார். ஏமாற்றமாக இருக்கும் என்று தெரிகிறது. ஆனாலும் சிறு கோரிக்கை மன்றத்தில் நீங்கள்தானே பேசப்போகிறீர்கள், உங்களுக்குத் தேவையானது அந்த இருபது நிமிடத்தில் கிடைத்துவிடும், தயாராகப் போனால். அரசு நீதிமன்றக் கட்டடத்திலேயே சமூக நீதி நிலையம் என்ற அறநிறுவனம் இருக்கிறது. வக்கீல் இல்லாமல் தாமே வழக்கு நடத்துபவர்களுக்காகவே வைத்திருப்பது. படிவம் நிரப்பவும், அடுத்து என்ன நடக்கும் என்று விளக்கவும், தகுதி இருந்தால் அங்கேயே ஒரு வழக்கறிஞரிடம் ஆலோசனை பெறவும் உதவுகிறார்கள். நீதிமன்றம் என்ற சொல்லைக் கேட்டாலே கை நடுங்குபவர்களை நான் முதலில் அங்கேதான் அனுப்புவேன். சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தின் சட்ட மாணவர்கள், தொண்டூழிய வழக்கறிஞர்களோடு சேர்ந்து நடத்தும் ஆலோசனைக் கூடமும் உண்டு.

உண்மையிலேயே உங்களுக்காக வாதாட வக்கீல் தரும் இடம் ஒன்று இருக்கிறது. சட்ட அமைச்சின் கீழ் 1958இலிருந்து இயங்கும் சட்ட உதவிப் பிரிவு, லீகல் எய்ட் பீரோ. சிங்கப்பூரருக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும். குற்றவியல் அல்லாத வழக்குகளுக்கு மட்டும். 2022இல் தொடங்கிய பொதுத் தற்காப்பு அலுவலகம் குற்றவியல் வழக்குகளுக்கானது என்பதால் அங்கே போய் நேரத்தை வீணாக்காதீர்கள். சட்ட உதவிப் பிரிவு இரண்டு சோதனைகள் வைக்கும். ஒன்று வசதிச் சோதனை: குடும்பத்தில் தலைக்கு வருமானம் எவ்வளவு, சேமிப்பு எவ்வளவு, வீட்டின் ஆண்டு மதிப்பு எவ்வளவு என்று பார்ப்பார்கள். வரம்புகளை அவ்வப்போது மாற்றுகிறார்கள், ஆகவே அவர்களின் இணையத்தளத்தில் உள்ள கணக்கீட்டில் உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். அண்டை வீட்டுக்காரர் "எனக்குக் கிடைக்கவில்லை" என்று சொன்னதை வைத்து முடிவு செய்யாதீர்கள். வரம்பைச் சற்றுத் தாண்டினாலும் தனிச் சூழ்நிலைகளைப் பரிசீலிக்க ஒரு குழு இருக்கிறது. மற்றது, வழக்கில் நியாயம் உள்ளதா என்ற சோதனை. சில வேளைகளில் உங்கள் வசதியைப் பொறுத்து ஒரு பங்குத் தொகை கேட்பார்கள், எல்லாருக்கும் முழு இலவசம் என்று நினைத்துவிட வேண்டாம். சிறு கோரிக்கை மன்றத்துக்கு அவர்கள் வரமாட்டார்கள், அங்கே வக்கீலுக்கே இடமில்லை என்பதால். உங்கள் 850 வெள்ளிக்கு அது இடமல்ல.

அப்படியானால் எப்போது அங்கே ஓட வேண்டும்? வீட்டுக்காரர் உங்கள்மேல், சிறு கோரிக்கை மன்றத்தில் அல்லாமல், மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டால். வாடகைப் பாக்கி, சேதம், வீட்டைக் காலிசெய் என்று கேட்டு நீதிமன்றத் தாள் உங்கள் கைக்கு வந்தால் அன்றே போங்கள். வழக்குக் கோரிக்கை கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 14 நாளுக்குள், எதிர்க்கிறேனா இல்லையா என்று பதில் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் உங்களைக் கேட்காமலே தீர்ப்பு வந்துவிடும். அந்தத் தாளை மேசை இழுப்பறையில் வைத்து, பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டவர்களை நினைத்தால் இன்றும் எனக்கு வேதனையாக இருக்கிறது. தோற்றிருக்க வேண்டிய அவசியமே இல்லாத வழக்குகளில் அவர்கள் தோற்றார்கள். தொலைபேசியில் பேசும்போது முதல் வாக்கியமே "எனக்கு நீதிமன்றத் தாள் வந்திருக்கிறது, இன்ன தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும்" என்பதாக இருக்கட்டும். சட்ட அமைச்சின் தொலைபேசி எண் 1800-2255-529.

இவற்றோடு, தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்கும் போகலாமா என்று கேட்பீர்கள். போகலாம், ஆனால் எதற்கு என்று தெரிந்து போங்கள். வீட்டுக்காரரை முன்பணம் கொடு என்று அவர் கட்டாயப்படுத்த முடியாது. வீவகவுக்கும் சமூகச் சேவை அலுவலகத்துக்கும் உங்கள் நிலையை விளக்கிக் கடிதம் எழுத முடியும், அது பயனுள்ளது. அம்மாவோடு பேசித் தேற்றி, படிவங்களில் கைகொடுக்க பீட்டி சாலையில் உள்ள சிண்டாவையும் (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்), உங்கள் பேட்டையின் குடும்பச் சேவை நிலையத்தையும் நாடலாம். அவர்கள் வக்கீல்கள் இல்லை, ஆனால் அலைச்சலைப் பாதியாகக் குறைத்துவிடுவார்கள்.

வீவகவைப் பற்றி ஒரு வார்த்தை. அறையை வாடகைக்கு விடும் முன் வீட்டுக்காரர் வீவகவின் அனுமதி பெற்றிருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் குறைந்தது ஆறு மாதம் என்பதும் விதி. அனுமதி இருக்கிறதா என்று வீவக இணையச் சேவையில் பார்க்க முடியும், பாருங்கள். இல்லையென்றால் அதைக் கையில் எடுத்து அவரை மிரட்ட வேண்டாம் என்பதே என் கருத்து. பணம் தராவிட்டால் புகார் செய்வேன் என்று எழுதும் ஒரு செய்தி, நியாயம் உங்கள் பக்கம் இருந்த வழக்கை அசிங்கமாக்கிவிடும். அனுமதியில்லாத ஒப்பந்தத்தின் பேரில் எவ்வளவு தூரம் பணம் கேட்க முடியும் என்பது வழக்குக்கு வழக்கு மாறுவது, அதையும் வழக்கறிஞரிடம் கேளுங்கள். முகவர் ஒருவர் மூலம் அறை எடுத்து, வாடகைப் பணத்தை அவர் கையில் கொடுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள். வீவக வீட்டு வாடகைப் பணத்தைச் சொத்து முகவர் கையாளக்கூடாது, ஒரே வாடகையில் இரு தரப்புக்கும் முகவராக இருக்கவும் கூடாது. அந்தப் புகார் சொத்து முகவர் மன்றத்துக்குப் போகும்.

வேலை அனுமதிச் சீட்டில் இங்கே இருக்கும் சகோதரர்கள் யாராவது இதைப் படித்தால்: சட்ட உதவிப் பிரிவு உங்களுக்கு இல்லை என்பதால் கை விட்டுவிடாதீர்கள். சிறு கோரிக்கை மன்றம் குடியுரிமை கேட்பதில்லை. வழிகாட்ட வெளிநாட்டு ஊழியர் நிலையமும், ஹோம், டிடபிள்யுசி2 போன்ற அமைப்புகளும் இருக்கின்றன. நாடு திரும்பும் தேதி நெருங்கினால் மட்டும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

ஒரு தவறை மட்டும் செய்யாதீர்கள். "முன்பணம் தரமாட்டார் என்று தெரிந்துவிட்டது, கடைசி மாத வாடகையைக் கொடுக்காமல் அதில் கழித்துக்கொள்கிறேன்" என்று பலர் செய்கிறார்கள். ஆத்திரம் எனக்குப் புரிகிறது. ஆனால் பெரும்பாலான ஒப்பந்தங்களில் அப்படிக் கழிக்கக்கூடாது என்று எழுதியிருக்கும். இதுவரை அவர்தான் மீறியவர், வாடகையை நிறுத்திய நாளில் நீங்களும் மீறியவர் ஆகிவிடுகிறீர்கள். வாடகையைத் தேதி தவறாமல் பேநவ் என்ற வங்கிவழிப் பணமாற்றுச் சேவை மூலம் செலுத்துங்கள், இனி ஒரு காசும் ரொக்கமாகக் கொடுக்க வேண்டாம்.

மன்றம் உங்களுக்குச் சாதகமாக ஆணையிட்ட பிறகும் வீட்டுக்காரர் பணம் தராமல் இருக்கலாம், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆணை என்பது தாள், அதைப் பணமாக்க மறுபடியும் நீதிமன்றத்தில் அமலாக்கத்துக்கு மனுப்போட வேண்டும், அதற்கும் கட்டணம் உண்டு. 850 வெள்ளிக்காக அவ்வளவு தூரம் போவதா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். கலந்தாய்வில் 700 தருகிறேன் என்றால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் வாங்கிக்கொள்வேன். சொந்த வீடு வைத்து அதிலேயே குடியிருப்பவர்கள் பெரும்பாலும் ஆணை வரை இழுக்க விரும்புவதில்லை என்பது என் அனுபவம்.

நீண்ட நாளைக்கு, உங்கள் குடும்ப வருமானத்தைப் பார்த்தால் வீவகவின் பொது வாடகை வீட்டுக்கு விண்ணப்பிப்பதைப் பற்றி யோசியுங்கள். மிகக் குறைந்த வருமானமுள்ள குடும்பத்துக்கு ஓரறை வீட்டின் வாடகை மாதம் 26 வெள்ளியிலிருந்து தொடங்குகிறது. வருமானம் கூடினால் வாடகையும் கூடும். காத்திருப்பு மாதக்கணக்கில் போகும் என்பதால் இந்தச் சண்டை முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் இந்த வாரமே தொடங்குங்கள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைப் பிரச்சினைக்கு வருகிறேன். இன்று இரவு அவருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள், கோபமில்லாமல், அவருக்குப் புரியும் மொழியில். இப்படி இருக்கலாம்: "நம் ஒப்பந்தம் இன்ன தேதிவரை இருக்கிறது. இந்த மாத வாடகை கொடுத்துவிட்டேன். ஒப்பந்தத்தில் உள்ள முன்னறிவிப்பு இல்லாமல் ஞாயிறு கிளம்ப எனக்கு வழியில்லை. சுவரைப் பற்றிப் பேச நான் தயார், சுத்தம் செய்யவும் தயார். கிளம்ப வேண்டுமானால் முன்பணத்தை எந்தத் தேதியில் தருவீர்கள் என்று எழுதி அனுப்புங்கள்." அவர் பதில் எழுதினாலும் எழுதாவிட்டாலும் அது உங்கள் கோப்பின் முதல் பக்கம். அவர் மிரட்டினால், கதவைத் தட்டி அம்மாவைப் பயமுறுத்தினால், கைவைக்க வந்தால் போலீசை அழையுங்கள். பூட்டை மாற்றியது மட்டும் என்றால் போலீசார் இது உங்களுக்குள் பேசித் தீர்க்க வேண்டியது, நீதிமன்றத்துக்குப் போங்கள் என்று சொல்லக்கூடும். அப்படிச் சொன்னாலும் புகாரைப் பதிந்து அதன் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். தொடர்ந்த மிரட்டலுக்குத் தொல்லையிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தின் கீழ் தனி நீதிமன்றமே 2021இலிருந்து இருக்கிறது. இரவு தங்க இடமில்லாமல் போனால் அரசின் சமூக உதவித் திட்டமான கம்கேரின் எண் 1800-222-0000.

சனிக்கிழமை மாலையே ஒரு சின்னப் பையில் அம்மாவின் மருந்து, இருவரின் அடையாள அட்டை, ஒப்பந்தம், வங்கிப் பதிவு, கைப்பேசி மின்னூட்டி ஆகியவற்றைப் போட்டு, நீங்கள் வேலைக்குப் போகும்போதும் அது அம்மாவின் கையிலேயே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அறையில் உள்ள மற்றவற்றை ஒரு முறை காணொளியாக எடுத்து வையுங்கள். ஒப்பந்தத்தில் முன்னறிவிப்புப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து, அந்த ஒரு வரியைப் பெயர்களும் முகவரியும் இல்லாமல் இங்கே பதிலில் எழுதுங்கள். வெள்ளிக்கிழமை இரவு வரை நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.